வெள்ளாற்று முகத்தில் அணைந்த உலை

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் கோயில்களிலும் மட்டும் தேடுவோர் அதில் பாதியையே காண்பர். மறுபாதி உலைக்களங்களில் கிடக்கின்றது. ஏரின் கொழுவும் போரின் வாளும், தேரின் அச்சும் தோணியின் ஆணியும், காடு திருத்திய கோடரியும் கதிர் கொய்த அரிவாளும் உருப்பெற்ற இடம் உலைக்களமே. கோயிற் கோபுரத்தின் கல்லைச் செதுக்கிய உளியும் கொல்லன் உலையில் தோய்ந்து வந்ததே. ஆயினும் கோபுரம் எடுத்தவன் பெயர் கல்லில் நிற்கின்றது. உளி வடித்தவன் உலை மண்ணோடு மண்ணாயிற்று. இவ்வேறுபாட்டை இயல்பென்று ஏற்றுக்கொள்ளும் இனம் தன் கைத்திறனை இழக்கும். கைத்திறனுக்குரிய சொல்லை அதற்கும் முன்பே இழக்கும்.

இதனை விளக்க இரண்டு இரும்பாலைகளின் கதை போதும். ஒன்று செருமனியில் இரைன் ஆற்றின் அருகே உள்ளது. மற்றொன்று தமிழகத்தில் வெள்ளாறு கடலொடு கலக்கும் பறங்கிப்பேட்டையில் இருந்தது. முன்னதன் பெருங்கூடம் 1830ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. பின்னதும் அதே 1830ஆம் ஆண்டில்தான் எழுப்பப்பெற்றது. முன்னது இன்றும் நிற்கின்றது. காண வருவோரை வரவேற்கின்றது. பின்னதன் பெயரையேனும் அறிந்த தமிழர் எத்துணைப் பேர்?

சாயின் உலைக்கூடம்

கோப்லென்சு நகர்க்கு அண்மையில் பெண்டோர்பு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரைச் சார்ந்த சாயின் என்னுமிடத்தில் 1769, 1770ஆம் ஆண்டுகளில் இரும்புருக்கும் ஆலையொன்று நிறுவப்பெற்றது. நிறுவியவர் அப்பகுதியை ஆண்ட திரியர் நகரத்துத் தலைமைக் குருவாகிய கிளெமென்சு வென்சசுலாசு என்பவர். நெப்போலியப் போர்கள் முடிந்து 1815இல் அந்நிலம் பிரசிய அரசின் கைக்கு வந்தபோது ஆலையும் அதனோடு சென்றது. அதன்பின் அவ்வாலையில் பணியாற்றிய கார்ல் லூத்விக் ஆல்தான்சு என்னும் பொறியறிஞர் 1828 முதல் 1830 வரை புதியதொரு வார்ப்புக் கூடத்தை அமைத்தார்.

இக்கூடத்தின் அமைப்பைச் சற்று விரிவாகக் காணல் தகும். வார்ப்புக் கூடம் என்றால் அந்நாளில் கல்லாலும் மரத்தாலும் கட்டிய இருண்ட கொட்டகை என்றே பொருள். உருகிய இரும்பு ஓடும் இடத்தில் மரக்கூரை வைப்பது தீயை மடியில் கட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும். ஆல்தான்சு கல்லையும் மரத்தையும் விலக்கி, வார்ப்பிரும்பையே கட்டடத்தின் எலும்பாக்கினார். தூண்கள் வார்ப்பிரும்பு, தூண்களை இணைக்கும் வளைவுகள் வார்ப்பிரும்பு, கூரை தாங்கும் சட்டகங்களும் வார்ப்பிரும்பு. அவற்றை வார்த்ததும் அதே ஆலைதான். தன் எலும்பைத் தானே வார்த்துத் தன்னைத் தானே கட்டிக்கொண்ட கூடம் என்று அதனைக் கூறலாம்.

கூடத்தின் வடிவம் கிறித்தவப் பெருங்கோயிலின் வடிவம். நடுவே உயர்ந்த அகன்ற ஓர் இடைகழி; இருமருங்கும் தாழ்ந்த இரு பக்க இடைகழிகள். வரிசையாக நிற்கும் தூண்கள் பழங் கிரேக்கத்து டோரியப் பாணியில் உள்ளன. அவற்றின் மேலுள்ள வளைவுகளோ இடைக்காலக் கோயில்களின் கூர்முனை வளைவுகளை நினைவூட்டுவன. ஒரு முனையில் முகப்பு முழுவதும் இரும்புச் சட்டத்திற் பொருத்திய கண்ணாடி. கோயிலில் இறைமேடை இருக்கும் மறுமுனையில் இங்கே உயருலை உள்ளது. வழிபாட்டுக்குரிய வடிவத்தை உழைப்புக்கு உரியதாக்கிய இக்கருத்தின் துணிவு இன்றும் வியப்பளிக்கின்றது.

அழகுக்காக மட்டும் அவ்வடிவம் தெரிந்தெடுக்கப்படவில்லை. நடு இடைகழி உயர்ந்திருந்ததால் வெப்பமும் புகையும் மேலெழுந்து வெளியேறின. கண்ணாடி முகப்பால் பகலொளி மணல் அச்சுகளின்மேல் விழுந்தது. தூண்கள் கூரையைத் தாங்கியதோடு நில்லாமல் பளுத்தூக்கிகளையும் தாங்கின. தூணைச் சுற்றிச் சுழலும் கைகளுள்ள அத்தூக்கிகள், உருகிய இரும்பு நிறைந்த கலங்களை ஒரு தூணின் எல்லையிலிருந்து அடுத்த தூணின் எல்லைக்குக் கைமாற்றிக் கொண்டுசெல்லும் வண்ணம் அமைந்தன. அவை எளிதாகச் சுழல்வதற்கு ஆல்தான்சு இரும்புக் குண்டுகளைத் தாங்கிகளாகப் பயன்படுத்தினார். கட்டடமே பொறியாகவும் பொறியே கட்டடமாகவும் ஒன்றிய அமைப்பு இது. இரும்பும் கண்ணாடியும் கொண்டு இலண்டனில் எழுந்த பளிங்கு மாளிகையை உலகமே புகழ்ந்தது 1851ஆம் ஆண்டில். சாயின் கூடமோ அதற்கு இருபத்தோர் ஆண்டு மூத்தது.

பெரும்பொருள்களோடு நுண்பொருள்களையும் அவ்வாலை வார்த்தது. புத்தாண்டு வாழ்த்தாக வழங்கும் சிறு வார்ப்புத் தகடுகள் அங்கே ஆண்டுதோறும் செய்யப்பெற்றன. இயல்பான ஓர் ஈயின் அளவிலேயே, நரம்போடிய சிறகும் மெல்லிய கால்களும் தோன்ற இரும்பில் வார்த்த ஈ அவ்வாலைத் தொழிலாளர் திறத்தின் அடையாளமாயிற்று.

1865இல் குருப்பு நிறுவனம் ஆலையை வாங்கியது. 1926இல் உலை அணைந்தது. அதன்பின் அக்கூடமும் பாழடைந்தது. இடித்துத் தள்ளவும் எண்ணினர். ஆனால் இடிக்க விடாமல் தடுத்தோரும் அந்நாட்டில் இருந்தனர். 2004இல் பெண்டோர்பு நகராட்சி அதனைத் தன்னுடைமையாக்கியது. 2010இல் செருமானியப் பொறியியற் கட்டடக் கலையின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக அது அறிவிக்கப்பெற்றது. உலை அணைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியும் கூடம் அணையவில்லை.

கஞ்சமலைக் கொல்லன்

இனித் தமிழகத்திற்கு வருவோம். பறங்கிப்பேட்டை ஆலையின் கதை பறங்கிப்பேட்டையில் தொடங்கவில்லை. சேலத்துக் கஞ்சமலையில் தொடங்குகின்றது. அம்மலையின் காந்தக்கல்லை உருக்கி இரும்பெடுக்கும் தொழில் அங்கே வழிவழியாக நடந்துவந்தது. தொழிலின் பழமைக்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகள் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களைக் காட்டியுள்ளன. குறுந்தொகைப் பாட்டொன்று, ஏழு ஊர்களின் வேலைச் சுமையை ஓரூரில் இருந்துகொண்டு தாங்கும் கொல்லன் துருத்தியை வருந்தும் நெஞ்சுக்கு உவமையாக்குகின்றது. அப்பாட்டின் காலத்திலேயே ஓருலையைப் பலவூர் பகிர்ந்துகொண்ட ஒழுங்கு இருந்தது என்பதற்கு அவ்வுவமை போதும்.

இத்தொழிலைக் கண்ணாற் கண்டு வியந்தவருள் ஒருவர் யோசையா மார்சல் ஈத்து என்னும் ஆங்கிலேயர். கிழக்கிந்திய வணிகக் குழுவின் சென்னை ஆட்சிப் பணியில் இருந்தவர் அவர். தாம் கண்டதை 1839ஆம் ஆண்டில் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் விரித்தெழுதினார். அவர் தரும் செய்திகள் இவை:

உலை களிமண்ணால் ஆனது. மூன்றடி முதல் ஐந்தடி வரை உயரம். அடியில் ஏறத்தாழ இரண்டடியும் உச்சியில் ஓரடியும் அகலம். இருவர் கூடினால் சில நாழிகையில் கட்டி முடிப்பர். மறுநாள் அதில் தீயிடலாம். காற்றூதுவதற்கு இரண்டு துருத்திகள். ஒவ்வொன்றும் முழு ஆட்டுத்தோல். துருத்தியின் மூக்கு மூங்கில். அது மண்குழாயொன்றில் நுழைந்து உலைக்குட் செல்லும். மூன்று நான்கு மணி நேரம் ஊதினால் இரும்புக் கட்டி அடியில் திரளும்.

அவ்விரும்பை எஃகாக்கும் முறை இதனினும் நுட்பமானது. இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங் குச்சிகளை நறுக்கிச் சேர்த்து, மண்ணாற் செய்த சிறு குகையில் இட்டு, எருக்கிலை ஒன்றிரண்டால் மூடி, பிசைந்த களிமண்ணால் வாயை அடைப்பர். ஒரு குகை கொள்வது ஏறத்தாழ ஒரு பவுண்டு இரும்பே. மண் உலர்ந்தபின் இருபது முதல் இருபத்துநான்கு குகைகளை உலையில் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறியபின் குகையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும். இங்கிலாந்தில் இரும்பை எஃகாக்கக் கரிப்பொடியிற் புதைத்துப் பல நாள் சூடேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே பல நாள் வேண்டிய வேலை இங்கே சில நாழிகையில் முடிவதைக் கண்டு ஈத்து வியந்தார். எகிப்தியர் கடுங்கல்லில் எழுத்து வெட்டிய கருவிகளும் இந்திய எஃகாகவே இருந்திருக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

இவ்வெஃகைத்தான் மேலை நாட்டார் 'ஊட்சு' என்றனர். 1795இல் சார்சு பியர்சன் இலண்டன் அரசக் கழகத்தின் முன் அதனைப் பற்றிய ஆய்வைப் படித்தார். பின்னர், கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து உலகப் பேரறிஞராகிய மைக்கேல் பாரடே, சேம்சு சுடோடார்ட்டு என்பவருடன் கூடி அதனைப் பகுத்தாய்ந்தார். அச்சொல் கன்னட 'உக்கு' என்பதிலிருந்து திரிந்ததென்பர் பலர். அவ் உக்கும் தமிழ் உருக்கும் உடன்பிறந்த சொற்களே ஆதலின், எவ்வழி நோக்கினும் அப்பெயரின் வேர் தென்னகத்து உலையிலேயே உள்ளது. இதற்குமேல் உரிமைப் போர் தொடுப்பது வேண்டாத வேலை.

பறங்கிப்பேட்டை ஆலை

தமிழ்க் கொல்லன் சிற்றுலையிற் செய்ததை ஆங்கிலப் பேருலையிற் செய்தால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று ஈத்து எண்ணினார். பணியைத் துறந்தார். மேலை முறையில் இரும்பு செய்வதற்கான தனியுரிமையையும், விறகு வெட்டுவதற்கு இசைவையும், முதலுக்கு முன்பணத்தையும் வணிகக் குழுவிடமிருந்து பெற்றார். 1830இல் பறங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. 1833இல் ஆலை ஒரு கூட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. மலையாளக் கரையில் பேப்பூரிலும் மற்றோர் ஆலை தொடங்கப்பெற்றது.

ஆலைக்கு இடந்தெரிந்த முறையிலேயே அதன் நோக்கம் விளங்குகின்றது. கனிமம் இருப்பது சேலத்தில். ஆலை இருந்தது கடற்கரையில். நேர்கோட்டில் அளந்தாலே இடைத்தொலைவு ஏறத்தாழ 110 கல். அக்கனிமம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பரிசல்களில் மிதந்து, பின்னர்க் கான்சாகிபு வாய்க்கால் வழியாகப் பறங்கிப்பேட்டையை அடைந்தது. உழவனுக்குக் கொழு வார்ப்பதே நோக்கமாயின் உலையைக் கஞ்சமலை அடியில் வைத்திருப்பர். கப்பலேற்றுவதே நோக்கம், ஆதலின் கப்பல் நிற்கும் துறையில் உலை வைத்தனர். இரும்புப் பாளம் இங்கிலாந்து சென்றது. அங்கே செபீல்டு நகரத்தில் எஃகாயிற்று. முதற்பொருள் இங்கே, முடிபொருள் அங்கே என்னும் குடியேற்ற வாணிகத்தின் இலக்கணம் முழுவதும் இவ்வோர் ஆலையின் இருப்பிடத்திலேயே எழுதப்பட்டுள்ளது. சாயின் ஆலை தன் கூடத்தைத் தானே வார்த்துக்கொண்டது. பறங்கிப்பேட்டை ஆலையோ பிறர் நாட்டுப் பட்டறைக்குப் பாளம் வார்த்துத் தந்தது. ஒரே ஆண்டில் எழுந்த இரண்டனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே.

ஆலை அடுத்தடுத்து இழப்பையே கண்டது. கரணியம் மூன்று. முதலாவது, தொலைவு. இரண்டாவது, எரிபொருள். நிலக்கரியிலிருந்து எடுத்த சுட்டகரியால் இங்கிலாந்து இரும்புருக்கியது. 1828இல் நீல்சன் என்பார் உரிமம் பெற்ற வெங்காற்று முறையால் அவ்வெரிபொருட் செலவும் அங்கே குறைந்தது. பறங்கிப்பேட்டையோ மரக்கரியையே நம்பியது. உலை பெரிதாகப் பெரிதாகக் காடு சிறிதாயிற்று. காடு விலக விலகக் கரியின் விலை ஏறியது. மூன்றாவது, வேண்டுவோர் இன்மை. சென்னை இராயபுரத்திலிருந்து 1856இல் முதற் புகைவண்டி புறப்பட்டபோது இந்நாட்டுத் தண்டவாளங்கள் இங்கிலாந்திலிருந்தே கப்பலேறி வந்துகொண்டிருந்தன. உள்நாட்டில் ஓராலை மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, உள்நாட்டு இருப்புப்பாதைக்கு வெளிநாட்டு இரும்பு! 1853இல் நான்கு இலக்கம் பவுன் முதலோடு கிழக்கிந்திய இரும்புக் குழுமம் என்னும் பெயரில் புதுநிறுவனம் தோன்றி ஆலையை ஏற்றது. அதனாலும் ஈடுகொடுக்க இயலவில்லை. 1860களில் பறங்கிப்பேட்டை உலை அணைந்தது. 1874இல் அக்குழுமமும் கலைந்தது.

ஈத்தின் முடிவும் இரங்கத்தக்கதே. இங்கிலாந்து திரும்பிய அவர், எஃகு உருக்கும்போது மாங்கனீசும் கரியும் கூடிய பொருளைச் சேர்த்தால் எஃகு மேம்படும் என்று கண்டு 1839இல் உரிமம் பெற்றார். செபீல்டு எஃகுத் தொழில் அதனாற் செழித்தது. ஆனால் அவருடைய முகவராக இருந்த ஒருவரே, மாங்கனீசையும் கரியையும் தனித்தனியாகக் குகையிலிட்டால் உரிமம் மீறியதாகாது என்று கூறித் தம் வழியிற் சென்றார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1851இல் ஈத்து இறந்தார். 1855இல் பெருமக்கள் அவை அவர் பக்கத்துக்கு மாறாகவே தீர்ப்புரைத்தது. தமிழ்க் கொல்லனின் அறிவுக்கு உரிமம் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. உரிமம் பெற்ற ஆங்கிலேயருக்கோ அது பயன்படவில்லை.

பொய்ப் பெருமை வேண்டா

இவ்வாலையைப் பற்றி அரிதாகப் பேசுவோரும் ஒரு செய்தியை மட்டும் தவறாமற் கூறுவர். வேல்சு நாட்டில் மெனாய் நீரிணைமேல் கட்டிய பாலங்களுக்குப் பறங்கிப்பேட்டை இரும்பு சென்றது என்பதே அச்செய்தி. அந்நீரிணைமேல் பாலங்கள் இரண்டு. ஒன்று தெல்போர்டு கட்டிய தொங்குபாலம். அது 1826இல் திறக்கப்பெற்றது. மற்றொன்று இராபர்ட்டு சுடீபன்சன் கட்டிய பிரித்தானியாக் குழாய்ப் பாலம். அது 1850இல் திறக்கப்பெற்றது. 1830இல் எழுந்த ஆலை 1826இல் முடிந்த பாலத்திற்கு இரும்பு அனுப்புவது எங்ஙனம்? ஆதலின் தொங்குபாலத்தை விட்டுவிட வேண்டும். பிரித்தானியாப் பாலத்தில் இவ்விரும்பு இடம்பெற்றதென நூல்கள் பல குறிக்கின்றன. அதனை மட்டும், அந்நூல்களின் சான்றளவில் கூறலாம்.

இதனைச் சிறு பிழை என்று ஒதுக்கலாகாது. தமிழின் பெருமையைப் பேசுவோர் கூறும் பத்துச் செய்திகளில் ஒன்று பொய்யென்று காட்டப்பட்டால், பகைவர் மற்ற ஒன்பதையும் அவ்வொன்றோடு கட்டி எறிவர். உள்ள பெருமையே மலைபோல் இருக்க, இல்லாத பெருமையை ஏன் இரவல் வாங்க வேண்டும்? ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் இட்டு இரண்டரை மணி நேரத்தில் எஃகெடுத்த கைத்திறத்துக்கு எந்த நாட்டுப் பாலமும் சான்றுரைக்க வேண்டியதில்லை.

அவ்வாறே குற்றம் முழுவதையும் வெளியார்மேல் ஏற்றுவதும் முழு உண்மை ஆகாது. மலிவான ஆங்கில இரும்பு கப்பல் கப்பலாக வந்திறங்கியது. 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் கரிக்கு மரம் வெட்டும் வழியை அடைத்தது. இவ்விரண்டாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சேலத்துச் சிற்றுலைகள் பெரும்பாலும் அணைந்தன. இவை வெளியார் செய்த கேடு. ஆனால் 1947க்குப் பின்னும் அவ்வுலைக்களங்களை அளந்து குறித்தவர் யார்? உலைமுன் நின்ற முதியோர் வாய்ச்சொல்லை எழுதிவைத்தவர் யார்? பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வகம் உள்ளது. கடலின் உயிர்களை ஆராய அவ்வூருக்கு வரும் மாணவர்க்கு, அவ்வூர் மண்ணில் ஒரு காலத்தில் இரும்பாறு ஓடியதென்று சொல்ல ஒரு காட்சிக்கூடம் இல்லை. இது நாம் செய்த கேடு.

சொல்லும் பொருளும்

உலை அணைந்தால் சொல்லும் அணையும். உலை, துருத்தி, குகை, இருந்தை, கிட்டம், பட்டடை, சம்மட்டி, குறடு, உளி, அரம், வார்ப்பு, அச்சு, உருக்கு, எஃகு என்று இத்தொழிலுக்குத் தமிழில் உள்ள சொற்கள் நூலறிஞர் கூடி ஆக்கியவை அல்ல. வியர்வை சிந்தியோர் வாயிற் பிறந்தவை. கரிக்கு 'இருந்தை' என்றும், இரும்புக் கசடுக்குக் 'கிட்டம்' என்றும், எஃகுருக்கும் மண்கலத்துக்குக் 'குகை' என்றும் பெயருண்டு என்பதை இன்று தொழிற்பயிலகத்தில் படிக்கும் இளைஞன் அறியான். அவன் பாட்டன் ஊதுலை முன் நின்றவனாக இருக்கலாம். பேரனோ ஊதுலையை ஆங்கிலப் பெயரால் மட்டுமே அறிவான். 'தமிழில் தொழிற்சொல் இல்லை' என்று கூறுவோர், இல்லாமையைக் கண்டு கூறவில்லை, தேடாமையால் கூறுகின்றனர்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. அம்முயற்சி வேரூன்ற வேண்டுமாயின் அகராதியிலிருந்து மட்டும் சொல்லெடுத்தால் போதாது. பட்டறையிலிருந்தும் எடுக்க வேண்டும். பட்டறைச் சொல் கைப்பழக்கத்தோடு வருவது. அதனாலேயே மாணவன் நாவில் எளிதில் தங்கும். செருமானியன் தன் வார்ப்புக் கூடத்தைத் தன் மொழிப் பெயராலேயே தொழிலாளனாக இருந்தபோதும் அழைத்தான். அறிஞனாகி நூலெழுதியபோதும் அழைத்தான். தொழிலாளன் சொல்லுக்கும் அறிஞன் சொல்லுக்கும் இடையே மதில் எழுப்பாத நாட்டில் தொழிலும் வளர்ந்தது, அறிவும் வளர்ந்தது.

பழைய உலையைப் பேசுவதால் இன்றைய வயிறு நிறையுமா என்று வினவுவோர் உண்டு. அவர்கட்குச் சேலமே விடை கூறும். கஞ்சமலை அடியிலேயே சேலம் உருக்காலை நிற்கின்றது. அடிக்கல் நாட்டியது 1970இல். உருட்டாலை இயங்கத் தொடங்கியது 1981இல். மலையின் கனிமத்தை உருக்கி எஃகாக்கும் முழு ஆலையாக வரவேண்டும் என்பதே தமிழ்மக்கள் அதற்காகக் குரல் கொடுத்தபோது கொண்டிருந்த விருப்பம். வந்ததோ வேறிடத்திலிருந்து வரும் பாளத்தை மென்தகடாக உருட்டும் ஆலை. 2010இல்தான் அங்கே எஃகுருக்கும் பிரிவு சேர்க்கப்பெற்றது. அதுவும் கஞ்சமலைக் கனிமத்தை உருக்குவதன்று. முற்காலத்தில் கனிமம் இங்கே, ஆலை கடற்கரையில். பிற்காலத்தில் ஆலை இங்கே, பாளம் வேறிடத்தில்! மலையைத் தோண்டியே தீர வேண்டும் என்பதன்று இதன் பொருள். மலையைச் சார்ந்த ஊர்களின் நீரும் நிலமும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால் மலையை எப்போது தொடுவது, எவருக்காகத் தொடுவது, தொடாமல் விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை அம்மலையின் வரலாற்றை அறிந்த மக்களிடம் இருக்க வேண்டும். வரலாறு அறியாதவனிடம் உரிமை நில்லாது.

செய்யத்தக்கவை

தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று அறிவித்தது. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைச் சான்றுகளைக் கொண்டு அக்காலத்தைக் கி.மு. 3345 வரை முன்கொண்டு சென்றது. தமிழர் நெஞ்சம் நிமிர்ந்தது, நிமிர வேண்டியதே. ஆனால் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய இரும்பைக் கொண்டாடும் கை, இருநூறு ஆண்டுக்கு முந்திய உலையைத் தூர்ந்துபோக விடலாமா? முதற்கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிக் கண்ணிகளைக் கைவிட்டால் சங்கிலி ஏது?

ஆதலின் மூன்று பணிகள் உடனடியாகச் செய்யத்தக்கன. கஞ்சமலை, கொடுமணல் முதலிய இடங்களைச் சுற்றிக் கிட்டம் குவிந்த நிலங்களை அளந்து, வரைபடத்திற் குறித்து, வீட்டுமனையாக மாறுமுன் காக்க வேண்டும். பறங்கிப்பேட்டையில் ஆலை இருந்த நிலத்தைத் தொல்லியல் துறை ஆய்ந்து, உலைகளின் அமைப்பை மண்ணடியிற் கண்டெடுத்து, அங்கேயே ஒரு காட்சிக்கூடம் அமைக்க வேண்டும். அதில் ஈத்தின் பேருலைக்கு எத்துணை இடமோ அத்துணை இடம் தமிழ்க் கொல்லனின் ஐந்தடி உலைக்கும் வேண்டும். மூன்றாவதாக, கொல்லுத் தொழிலிலும் வார்ப்புத் தொழிலிலும் இன்றும் உள்ள முதியோரை ஊர்தோறும் கண்டு, அவர்தம் தொழிற்சொற்களைத் திரட்டி அச்சிட வேண்டும். முன்னிரண்டும் அரசின் கடமை. மூன்றாவதோ எழுதுகோலும் ஏடும் உள்ள எந்தத் தமிழாசிரியனும், எந்தக் கல்லூரி மாணவனும் வரும் விடுமுறையிலேயே தொடங்கக்கூடியது. அதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை.

சாயின் கூடத்தை இடிக்கவிருந்தோர் கையைத் தடுத்தது, அந்நாட்டார் தம் முன்னோரின் உழைப்பின்மேல் வைத்த மதிப்பு. வெள்ளாற்று முகத்தில் அணைந்த உலையை மீண்டும் மூட்டுவார் இல்லை. மூட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் அங்கே உலை இருந்தது என்பதும், அதற்கு முன்னரே கஞ்சமலை அடியில் அதனினும் அறிவார்ந்த சிற்றுலை இருந்தது என்பதும், அவ்வுலைமுன் நின்றவன் தமிழில் பேசித் தமிழில் எண்ணி எஃகெடுத்தான் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. கொல்லன் சொல் எழுதப்பட்டால் அவன் பேரன் அதைப் படிப்பான்; எழுதப்படாவிடின், தன் பாட்டன் தொழிலைப் பிறர் மொழியில் பிறரிடமிருந்தே அவன் கற்க நேரும்.